பூம்வாக்கர் குழாய்கள்: வந்தவர் எல்லாரும் வாசிக்க ஒரு கருவி

பூங்காவிலோ தெருமுனையிலோ இசை நிகழ்ச்சி நடத்தி, வந்தவர்கள் எல்லாரையும் வாசிக்க வைக்க வேண்டுமென்றால் முதல் சிக்கல் கருவிதான். கீபோர்டில் விரல் பழகவே வாரக்கணக்காகும். தட்டி வாசிக்கும் பிளாஸ்டிக் குழாயான பூம்வாக்கருக்கு ஒரு கையும் தட்ட ஓர் இடமும் போதும். இதற்காகவே தன்னார்வ இசைக் குழுக்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். ஆனால் நம் ஊர் வெயிலில் இது எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

1990களின் நடுவில் அமெரிக்கரான கிரெய்க் ராம்செல் உருவாக்கியது இது. இருமுனையும் திறந்த லேசான பிளாஸ்டிக் குழாய், ஒன்றுக்கு ஒரு சுரம். அடிப்படை செட்டில் எட்டு. நீளமான சிவப்பு ஏறக்குறைய 63 செ.மீ., அதுதான் ஒரு கட்டை (கீபோர்டில் C) ஷட்ஜம், அதாவது ச. ஒரு முனையை மூடினால் சுரம் ஒரு ஸ்தாயி இறங்கும். அதற்கான மூடியைத் தனியாக விற்கிறார்கள்.

எட்டும் சேர்ந்தால் சங்கராபரண ராகத்தின் சுரங்கள். முதல் நாளே எட்டையும் கொடுத்துவிடாதீர்கள். இளம்பச்சை மத்திமத்தையும் (ம) இளஞ்சிவப்பு நிஷாதத்தையும் (நி) எடுத்துவிட்டால் மிஞ்சுவது மோகன ராகம். யார் எப்போது தட்டினாலும் காதை உறுத்தாது, தப்பாக வாசித்துவிடுவோமோ என்ற பயமும் போய்விடும். பிறகு எட்டுப் பேரை வரிசையாக நிறுத்தி ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கைக்கு ஆளுக்கொன்றாகத் தட்டச் சொன்னால் கர்நாடக இசையின் தொடக்கப் பாடமான சரளி வரிசையின் ஆரோகணம் (ஏறுவரிசை) தானாக வந்துவிடும். வழக்கம்போல் மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்க சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும் (சற்றுத் தாழ்ந்த ரி, த) வேண்டும். அவை ஐந்து குழாய் கொண்ட துணை செட்டில்தான் உண்டு. சுரத்தை அசைத்து இழைக்கும் கமகத்துக்கு வழியே இல்லை. கீர்த்தனை சொல்லிக்கொடுக்க இதை எதிர்பார்க்க வேண்டாம்.

இனி வெயில். குழாய்க்குள் ஒலிப்பது காற்று. காற்று சூடானால் ஒலி வேகமாகும், சுருதி ஏறும். 20 டிகிரியில் சரியாக இருக்கும் குழாய் 35 டிகிரியில் 40 சென்டுக்கு மேல் கூடிவிடும் (கீபோர்டில் அடுத்தடுத்த இரு சுரங்களின் இடைவெளி 100 சென்ட்). அதாவது ஒரு கட்டைக்கும் ஒன்றரைக் கட்டைக்கும் ஏறக்குறைய நடுவில் போய் நிற்கும். குழாய்கள் எல்லாம் சேர்ந்தே ஏறுவதால் தமக்குள் பிசகாது, பக்கத்தில் இருக்கும் கீபோர்டோடுதான் மோதும். பல கீபோர்டுகளில் உள்ள டியூனிங் அமைப்பில் 440 ஹெர்ட்ஸை 450 அளவுக்கு உயர்த்துங்கள். மின்னணு சுருதிப் பெட்டியை அதன் திருகால் சரிசெய்யலாம். ஆர்மோனியத்துக்கு அந்த வசதி இல்லை, அதைச் சேர்க்காமல் இருப்பதே நல்லது. மாலையில் குளிரக் குளிர இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும்.

சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு மடிப்பலகை மீது ரப்பர் விரிப்பு போட்டால் தட்டும் இடம் தயார். விரல் மடங்காதவருக்கு வெல்க்ரோ பட்டையால் குழாயை உள்ளங்கையோடு கட்டலாம். இறுக்கமாக வேண்டாம், முனைகளும் மூடப்படக் கூடாது. பார்வையற்றவர் நீளத்தைத் தடவியே சுரத்தை அறிந்துகொள்வார், இக்கருவியின் பெரிய பலம் அது. வண்ண அட்டை காட்டி நடத்தும்போது மட்டும் அவரை மறந்துவிடுகிறோம். அட்டையோடு சுரப் பெயரையும் வாயால் சொல்லுங்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறியாதவருக்காக ஒவ்வொரு குழாயிலும் ச, ரி, க என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். முப்பது குழாய் ஒரே நேரத்தில் தட்டினால் மூடிய கூடம் அதிரும். சத்தம் தாங்காத பிள்ளைகளுக்குக் காதுக் கவசமும் தனியே ஒதுங்க ஓர் அறையும் வேண்டும். திறந்தவெளியிலோ நேர்மாறு, பறையோடு சேர்த்தால் குழாய் கேட்கவே கேட்காது. முறை வைத்து வாசிக்கவிடுங்கள்.

உள்ளங்கை, தொடை, செருப்பின் அடிப்பகுதி, இவற்றில் தட்டினால் நல்ல நாதம். சிமெண்ட் தரையில் ஓங்கி அடித்தால் முனை நசுங்கும். வெயிலில் நிற்கும் காரில் விட்டால் வளையும்.

24 பேருக்கு எட்டு குழாய் செட் மூன்றும் ஐந்து குழாய் செட் ஒன்றும் போதும். விலை குறைந்த நகல்களும் கிடைக்கின்றன. சுருதி காட்டும் டியூனர் செயலியில், செட்டில் உள்ள நீளமும் குட்டையுமான சிவப்பு இரண்டையும் தட்டிப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு ஏறியிருந்தால் அது வெயில். ஒன்று மட்டும் விலகினால் வெட்டிய நீளமே தப்பு, வாங்காதீர்கள்.