ப்ளூரே ரைட்டர்: அஞ்சு வருஷமும் அந்த 97 பெர்சென்ட்டும்

மார்த்தாண்டத்துல இருக்கிற கூட்டுக்காரன் ஒருத்தன் போன வாரம் போன் பண்ணி, "எடே, அந்த ப்ளூரே ரைட்டர், கம்ப்யூட்டர்ல சொருகி ப்ளூரே டிஸ்க்கு எழுதுற டிரைவ், இப்ப விலை கொறஞ்சிருக்கு, வாங்கட்டா, நீ வச்சிருக்கேல்லா, எப்படி இருக்கு"ன்னு கேட்டான். பத்து நிமிஷம் பேசியும் ஒழுங்கா ஒரு பதில் சொல்ல முடியல. அந்த நேரம் என் டிரைவ் நாகர்கோவில்ல ரிப்பேர் கடையில கெடந்தது, அந்தக் கடுப்புல என்ன சொன்னாலும் திட்டாதான் வந்திருக்கும். இப்ப திரும்பி வந்தாச்சு, அதான் உக்காந்து எழுதுறேன். பிராண்ட் பேரு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

நான் இத வாங்குனது படம் காப்பி பண்ண இல்ல. எங்க குடும்பக் கோவில் இசக்கியம்மன் கொடையில (திருவிழாவுல) ராத்திரி வில்லுப்பாட்டு நடக்கும். அத 5.1ல (சுத்தி அஞ்சு ஸ்பீக்கர், கூட ஒரு சப்வூஃபர்) ரெக்கார்ட் பண்ணி, ஆடியோவ அமுக்காம கொள்ளாம டிஸ்க்கா போட்டு வைக்கணும்னு ஒரு கிறுக்கு. ஜூம் எச்6 ரெக்கார்டர், அதுல மேல மாட்டுற மைக் ரெண்டு டிராக், வெளிய நாலு மைக் சொருகலாம், மொத்தம் ஆறு, 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ். முன்னாடி ரெண்டு, அண்ணாவிக்கு (கதை பாடுற தலைவர்) ஒண்ணு, தாளம் தட்டுற குடத்துக்கு ஒண்ணு, நீள வயர் இழுத்து கூட்டத்துக்குப் பின்னால ரெண்டு. வில்லுப்பாட்டு சரவுண்டுக்குன்னே பிறந்த சாமான் மாதிரி இருக்கும், வலம் பாடுறவங்க இடம் பாடுறவங்கன்னு ஏற்கனவே ரெண்டு பக்கமா பிரிஞ்சுதான் உக்காருவாங்க, நாம புதுசா ஒண்ணும் பிரிக்க வேண்டாம்.

ஏன் ப்ளூரே, டிவிடி போதாதான்னு எல்லாரும் கேப்பாங்க. ஆறு சேனல் 24/96ன்னா நொடிக்கு 13.8 மெகாபிட். சாதா டிவிடி வீடியோல பிசிஎம், அதாவது அமுக்காத ஆடியோ, 6.1 மெகாபிட்டுக்கு மேல போகாது. டிவிடி ஆடியோன்னு 2000 வாக்குல ஒண்ணு வந்துது, அதுக்கே 9.6தான் எல்லை, அதனால எம்எல்பிங்கிற முறையில தரம் போகாம அமுக்கித்தான் இந்த 24/96 5.1 வைக்க முடியும். அத ஓட்டுற பிளேயர் இப்ப யார் வீட்டுல இருக்கு? ப்ளூரேல இந்த வம்பே இல்ல, அப்படியே பிசிஎம்மா வச்சிரலாம். 25 ஜிபி டிஸ்க்குல கணக்குப் பாத்தா கிட்டத்தட்ட நாலு மணி நேரம் புடிக்கும், காப்புல தொடங்கி வாழி பாடி முடிக்கிற வரைக்கும் ஒரே டிஸ்க்கு. ரீப்பர்ல மிக்ஸ் பண்ணி, கோவில் போட்டோ ஒண்ண வீடியோவா வச்சு, டிஎஸ்மக்சர்ல சேத்து, இம்க்பர்ன்ல எழுதணும், மூணும் கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர், அவ்வளவுதான் வேலை.

மொத டிஸ்க்கு ஓடுன அன்னைக்கு நடந்தத சொல்லியே ஆகணும். அம்மா ஹால்ல முருங்கைக்கீரை உருவிட்டு இருந்தா. கதையில அம்மன் வரவு வருது, பின்னால ஸ்பீக்கர்ல பொம்பளைங்க கொலவ போடுறாங்க. அம்மா கீரைய அப்படியே வச்சிட்டு கழுத்த திருப்பி "ஆரு மக்களே வந்திருக்கா"ன்னு வாசலப் பாக்கா. வாசல்ல ஒருத்தரும் இல்ல, சரவுண்ட் ஸ்பீக்கர்தான் இருக்கு, அதுக்கு மேல பல்லி. அந்த ஒரு நிமிஷத்துக்காக இந்த டிரைவுக்கு எவ்வளவு வேணும்னாலும் குடுக்கலாம்னு அப்ப தோணிச்சு, இப்பவும் பாதி நாள் அப்படித்தான் தோணுது.

குடத்து விஷயத்துல நான்தான் முட்டாள், டிரைவ் மேல தப்பில்ல. மிக்ஸ் பண்ணும்போது கம்ப்யூட்டரோட ஆடியோ இன்டர்ஃபேஸ்ல இருந்து ஆறு வயர் போட்டு ரிசீவருக்கு (ஸ்பீக்கர் எல்லாம் ஓட்டுற ஆம்ப்) அனலாக்ல குடுத்து கேட்டேன். குடம் பொத்துப் பொத்துன்னு சத்தில்லாம கேட்டுது, சரின்னு சப்வூஃபர் சேனல்ல நல்லா ஏத்தி விட்டேன். டிஸ்க்க எழுதி எச்டிஎம்ஐ வழியா போட்டா, குடத்து வாயில ஒரு தட்டு தட்டுன உடனே அலமாரில எவர்சில்வர் பாத்திரம் எல்லாம் ஆடுது, பக்கத்து வீட்டு மாமா எட்டிப் பாக்காரு. என்னன்னா, எல்எஃப்இ சேனலுக்கு (5.1ல அந்த .1, சப்வூஃபருக்குன்னே உள்ள சேனல்) ரிசீவர் தானாவே 10 டெசிபெல் கூட்டும், அது தரப்படுத்துனது, ஆனா என் பழைய ரிசீவர் அனலாக் இன்புட்டுல அந்த கூட்டல செய்யல. இது புரிய மூணு டிஸ்க் போச்சு. இப்ப பாட்டுக்கு எல்எஃப்இ சேனலே தொடுறதில்ல, அதக் காலியா விட்டுட்டு குடத்த முன் ஸ்பீக்கர்லயே வைக்கேன், கீழ்ச் சத்தத்த ரிசீவர் தானா சப்வூஃபருக்கு திருப்பி விட்டுரும். வெடிகுண்டு வெடிக்கிற படத்துக்குத்தான் எல்எஃப்இ, வில்லுப்பாட்டுக்கு வேண்டாம்.

சரி இனி வயித்தெரிச்சல். 97 பெர்சென்ட். 25 ஜிபி டிஸ்க்கு 4 எக்ஸ் வேகத்துல எழுத அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மி ஆகும், நான் பக்கத்துலயே குத்த வச்சு உக்காந்திருப்பேன், ஃபேன் கூட போட மாட்டேன் (காத்துக்கும் லேசருக்கும் என்ன சம்பந்தம்னு கேக்காதீங்க, பயம்), 80, 90, 95ன்னு ஏறி 97ல வந்து டக்குன்னு நிக்கும், டிரைவ் ஒரு தடவ கிர்ருன்னு சுத்தும், ரைட் எரர். மூணு வருஷமா இதே நம்பர், 96ம் இல்ல 98ம் இல்ல, என்னமோ நேத்திக்கடன் மாதிரி.

காரணம் கண்டுபிடிக்காம இல்ல. யுஎஸ்பி 2 போர்ட் 500 மில்லி ஆம்ப்தான் குடுக்கும், யுஎஸ்பி 3ன்னா 900. எழுதும்போது இந்த ஸ்லிம் டிரைவ் அதுக்கு மேலயும் இழுக்கும், அதுக்குத்தான் ரெண்டு தலை வச்ச ஒய் கேபிள் பெட்டியிலயே வருது. நான் அத ஒரு வருஷம் சொருகவே இல்ல, கயிறு மாதிரி எதையாவது கட்ட வச்சிருந்தேன். அப்புறம் தனி அடாப்டர் வச்ச ஹப் வாங்குனேன், ஃபெயில் ஆகுறது பாதியா கொறஞ்சுது. மீதிப் பாதி, டிஸ்க்கு உள்ள இருந்து வெளிய நோக்கித்தான் எழுதும், கடைசி ஓரத்துலதான் டிஸ்க்கோட தரம் பல்லக் காட்டும். 22 ஜிபியோட நிறுத்துனா பெரும்பாலும் தப்பிச்சிரும். ஆனா நிறுத்துனா எது போகும்? கடைசில பாடுற வாழி போகும். ஊரு வாழி, கேட்டவங்க வாழின்னு முடிக்கிற இடத்த வெட்டிட்டு என்ன டிஸ்க்கு? ரெண்டு டிஸ்க்கா பிரிச்சுப் போடலாம்ல அப்படின்னு கூட்டுக்காரன் கேட்டான். போடலாம். எனக்கு ஒண்ணாத்தான் வேணும்.

இப்ப ரிப்பேருக்குப் போனது வேற சமாச்சாரம். நம்ம வீடு மணவாளக்குறிச்சி பக்கம், கடலுக்கு கூப்பிடு தூரம். இடவப்பாதி (வைகாசி நடுவுல) ஒரு தடவ, ஐப்பசில ஒரு தடவன்னு நமக்கு ரெண்டு மழை, அதுபோக வருஷம் பூரா உப்புக்காத்து. லென்சுல வெள்ளையா பூசணம், ட்ரே கியர்ல துரு. கடைக்காரர் தொறந்து காட்டி "சாரே, இத உப்புப் பானையில வச்சிருந்தீங்களா"ன்னு கேட்டாரு. அறுநூறு ரூவா. இப்ப டப்பர்வேர் டப்பால சிலிக்கா ஜெல் போட்டு வச்சிருக்கேன், எழுதாத டிஸ்க்கும் அதுக்குள்ளதான்.

எஸ்ஏசிடி (சூப்பர் ஆடியோ சிடி) பத்தியும் கூட்டுக்காரன் கேட்டான். அத்தான் துபாய்ல இருந்து கொண்டு வந்தது நாலஞ்சு என்கிட்ட இருக்கு. இந்த டிரைவ்ல அத காப்பி எடுக்க முடியாது, சாதா கம்ப்யூட்டர் டிரைவ்ல அந்த லேயர் தெரியாது, சிடி லேயரும் சேந்த ஹைபிரிட் டிஸ்க்குன்னா அந்த சிடி லேயர மட்டும் காட்டும். பழைய பிளேஸ்டேஷன் 3, இல்ல சில ப்ளூரே பிளேயர் மாடல் வச்சு நெட்வொர்க்ல எடுக்கிறாங்க. எடுத்தாலும் டிஎஸ்டிய (எஸ்ஏசிடில ஆடியோ இருக்கிற வடிவம்) 88.2 கிலோஹெர்ட்ஸ் பிசிஎம்முக்கு மாத்துனாதான் வகுத்தல் சுத்தமா வரும், ப்ளூரேல 88.2 கெடையாது, 48, 96, 192தான். சொந்த டிஸ்க்குக்கே இவ்வளவு பாடு வேண்டாம்னு நான் விட்டுட்டேன்.

அண்ணாவிக்கு ஒரு டிஸ்க்கு கொண்டு குடுத்தேன், ரெண்டு நாள்ல போன் வந்துது, "தம்பி, இது சுத்துது, பாடல்லியே". அவர் வீட்டுல இருக்கது டிவிடி பிளேயர். கடைசில ஸ்டீரியோவா பென்டிரைவ்ல குடுத்தேன், மனுஷனுக்கு ரொம்ப சந்தோஷம், குடம் நல்லா விழுந்திருக்குன்னாரு.

ஆக, கூட்டுக்காரா, சத்தம் அருமை, கிட்டத்தட்ட நாலு மணி நேரம் ஒரே டிஸ்க்குல, கொலவ பின்னால இருந்து வரும், அஞ்சு வருஷத்துல பெருசா ஒரே ஒரு ரிப்பேர். அஞ்சுக்கு ரெண்டு மார்க். வாங்காத. நேத்து எழுதியிருந்தா நாலு குடுத்திருப்பேன், ஆனா ரிப்பேர் முடிஞ்சு வந்த டிரைவ்ல இன்னைக்கு காலையில மொத டிஸ்க்கு போட்டேன், 97.

அம்மா வீணாப்போன டிஸ்க்க எல்லாம் மொட்டை மாடியில கயித்துல கட்டித் தொங்க விட்டிருக்கா, நெத்திலி காயப்போட்ட இடத்துல, வெயில்ல மின்னுனா காக்கா வராதாம். இதோட பதினாலு. கிர்ருன்னு சத்தம் கேட்ட உடனே அடுக்களையில இருந்து சணலோட வந்து நிக்கா.