நைஜீரியர், சோமாலியர்: அமெரிக்கா போன இரண்டு வழிகள்

அமெரிக்காவில் குடியேறிய நைஜீரியர்களில் 25 வயது தாண்டியவர்களில் பாதிக்கும் மேல் பட்டதாரிகள். அங்கேயே பிறந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான். சோமாலியர்களிடமோ இந்த விகிதம் ரொம்பக் குறைவு. ஆப்பிரிக்கர் எல்லாரையும் ஒரே கணக்கில் சேர்ப்பது எனக்கு உடன்பாடில்லை.

வந்த வழியைப் பாருங்கள். நைஜீரியர் பலர் மாணவர் விசாவில் போனவர்கள். அல்லது பள்ளிப் படிப்போ வேலை அனுபவமோ கேட்கும், குலுக்கல் போட்டு குடியேற்ற விசா தரும் திட்டத்தில். சோமாலியர் பலர் 1991-இல் அரசு கவிழ்ந்தபின் ஓடிவந்து, கென்யாவின் தாதாப் அகதி முகாமில் வருடக்கணக்கில் காத்திருந்து அமெரிக்க நகரமான மினியாபொலிஸ் சேர்ந்தவர்கள். போரில் பள்ளிக்கூடமே மூடிக்கிடந்தால் சான்றிதழ் எங்கிருந்து வரும்?

அப்புறம், பட்டம் இருந்தும் முழுப்பலன் இல்லை. வெளிநாட்டில் படித்த மருத்துவர் அங்கே உரிமத் தேர்வெழுதி, பெரும்பாலும் மறுபடி ரெசிடென்சி எனும் மருத்துவமனைப் பயிற்சியும் முடிக்க வேண்டும். அதுவரை கிடைத்த வேலைதான்.