ராக்கியின் கூடை மசில்: டர்பன் புழுக்கத்துக்கு இதுதான் சரி

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் நாய்ச் சாமான் விற்கும் கடையில் இரண்டு வகை மசில் (நாய் கடிக்காதபடி வாயில் மாட்டும் மூடி) தொங்குகிறது. துணியில் தைத்த குழாய் ஒன்று, விலை குறைவு. இன்னொன்று ரப்பர் மாதிரி வளையும் பிளாஸ்டிக் கூடை, 400 ராண்டுக்குச் சற்றுக் குறைவு. நான் கூடையை எடுத்தேன். பணம் வீணாகவில்லை.

துணிக் குழாய் வாயைத் திறக்கவே விடாது. நாய் நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். பிப்ரவரிப் புழுக்கத்தில், அதுவும் பயந்த நாய்க்கு, அந்த வழியையும் அடைத்தால் என்ன ஆவது? கூடைக்குள் என் நாய் ராக்கி நன்றாக இரைக்கிறான், தண்ணீர் குடிக்கிறான், இடுக்கு வழியாகக் கோழித் துண்டையும் கவ்விக்கொள்கிறான்.

எஸ்.பி.சி.ஏ. என்ற விலங்குக் காப்பகத்திலிருந்து வந்தவன் அவன். காதைத் தொட்டால் பல்லைக் காட்டுவான். அதற்காக டாக்டரிடம் போகாமல் இருக்க முடியுமா? வெறிநாய்க்கடி ஊசி சட்டப்படி கட்டாயம். எங்கள் குவாசுலு நட்டால் மாகாணத்தில் அந்த நோய் இன்னும் இருக்கிறது. உண்ணியால் வரும் பிலியரி என்ற ரத்த நோய் வேறு. சந்தேகம் வந்தால் காது நுனியில் குத்தித்தான் ரத்தம் பார்ப்பார்கள். அவனுக்கு ஆகாத அதே காது!

வாங்கிய கையோடு மாட்டி இழுத்துப் போக நினைப்பவர்களுக்கு இது உதவாது. முதலில் கூடையின் உள்நுனியில் கடலை வெண்ணெய் தடவி நீட்டினேன், அவனாக மூக்கை விட்டான். (டப்பாவில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் தொடாதீர்கள், நாய்க்கு விஷம்.) வாரைப் பூட்டியது வெகு நாள் கழித்துத்தான், அதுவும் ஒரு நொடி. பூட்டுகிற 'க்ளிக்' சத்தத்துக்கே துள்ளினான். அதனால் கிளிப்பைத் தள்ளி வைத்துக்கொண்டு அழுத்துவேன், உடனே ஒரு துண்டு கோழி. இப்போது சத்தம் கேட்டால் வாலை ஆட்டுகிறான்.

டாக்டரிடம் நடுங்கத்தான் செய்தான். ஆனால் கடிக்குப் பயந்து முன்பு இரண்டு பேர் அமுக்கிப் பிடித்த நாயை இந்த முறை யாரும் அமுக்கவில்லை. டாக்டரம்மா தரையில் உட்கார்ந்து நிதானமாகக் காதைப் பார்த்தார். நான் கோழி ஊட்டிக்கொண்டே இருந்தேன். அவன் தலையைத் திருப்பியபோதெல்லாம் கையை எடுத்துவிட்டார். மசில் நாயை மாற்றியதைவிட மனிதர்களை மாற்றியது என்பேன்.

குறையும் உண்டு. மூக்குத்தண்டில் ஒட்டியிருந்த மெத்தை சீக்கிரமே பிய்ந்து வந்தது, நானே துணி வைத்துத் தைத்தேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டி "ஏம்மா, கடிக்கிற நாயா?" என்று வேலிக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார். மாட்டிவிட்டுத் தனியே விடவும் கூடாது, எங்காவது சிக்கிக்கொள்ளும்.

அளவை நாய் வாயைத் திறந்திருக்கும்போது பாருங்கள். மூக்கு நுனிக்கும் கூடைக்கும் நடுவே கொஞ்சம் இடம் வேண்டும். எங்கள் கடையில் நாயைக் கூட்டிப்போய்ப் போட்டுப் பார்க்க விடுகிறார்கள்; கூட்டம் குறைந்த காலை நேரம் நல்லது.