பாம்பன் ரோட்டுப் பாலம்: தினமும் கடப்பவனின் அனுபவம்

குடும்பத்தோடு ராமேஸ்வரம் வரப்போகும் மதுரை நண்பர் ஒருவர், "காரில் வரலாமா, ரயிலில் வரலாமா? பாலம் எப்படி இருக்கு?" என்று கேட்டார். ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் குடியிருந்து, எதிர்க்கரையில் இருக்கும் மண்டபம் ஊருக்கு வேலைக்குப் போகிறவன் நான். போக வர இந்தப் பாலம்தான்.

பாலத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 1988 அக்டோபர் 2 அன்று ராஜீவ் காந்தி திறந்து வைக்கும் வரை எங்கள் தீவுக்கு ரோடே கிடையாது. ரயிலை விட்டால் படகுதான். 1964 புயலில் அந்த ரயில் பாலமும் சிதைந்தபோது பட்ட பாட்டைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். உப்புக் காற்றிலேயே நிற்கும் இந்த 2.3 கிலோமீட்டர் காங்கிரீட்டை நம்பித்தான் பாலும் காய்கறியும் உள்ளே வருகின்றன, மீன் வெளியே போகிறது. ஆடிக் காற்றில் டூவீலரை இறுக்கிப் பிடித்து மெதுவாகப் போக வேண்டும். அது பழகிவிடும்.

பழகாதது ஒன்றுதான். பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்துவது.

இருப்பதே போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு தடம். அதில் ஒரு வேன் ஓரங்கட்டி நின்றால் பின்னால் வருகிறவர் எதிர்த் தடத்தில் ஏறித்தான் ஆக வேண்டும். கதவைத் திறந்து குழந்தைகளை ரோட்டுப் பக்கமே இறக்குகிறார்கள். 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதிய ரயில் பாலம் திறந்த பிறகு கூட்டம் இன்னும் கூடிவிட்டது. கப்பலுக்கு வழிவிட அதன் நடுப்பகுதி அப்படியே 17 மீட்டர் மேலே போகிறது என்றால் யாருக்குத்தான் பார்க்க ஆசை வராது? சரி, பாருங்கள். நடைபாதை இருக்கிறது, வண்டியைக் கரையில் விட்டு நடந்து வந்து பாருங்கள். கப்பலுக்காக யாரும் காத்திருக்க வேண்டாம் என்றுதான் ரோட்டுப் பாலத்தை இவ்வளவு உயரமாகக் கட்டினார்கள். அதன்மேல் ஒரு ஃபோட்டோவுக்காக ஆம்புலன்ஸ் காத்து நிற்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குப் போக அதற்கு வேறு ரோடு இல்லை.

பாலத்தில் குறையில்லை. காற்று பலமானால் ரயிலை நிறுத்திவிடுவார்கள், ரோடு அநேகமாகத் திறந்தே இருக்கும். காரில் வருவதுதான் வசதியும்கூட. ஆனாலும் நண்பரிடம் ரயிலிலேயே வரச் சொல்லிவிட்டேன். விடுமுறை நாளில் பாலத்தின் மேல் ஒரு கார் குறைந்தாலும் எங்களுக்கு நல்லது.