கையில் ஒரே நாள்: குவாத்தமாலா நகரமா, ஆன்டிகுவாவா?

மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் லா அவுரோரா விமான நிலையத்தில் இறங்கும் பயணிகளில் பலர், தலைநகரான குவாத்தமாலா நகரத்தைத் திரும்பியும் பாராமல் பழைய தலைநகரான ஆன்டிகுவாவுக்கு வண்டி ஏறிவிடுகிறார்கள். அதில் நியாயம் உண்டு. 1773ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சிதைந்து, 1776இல் தலைநகர் என்னும் தகுதியையும் இழந்த அந்த ஊரில், இடிந்த தேவாலயங்களும் கல் பாவிய தெருக்களும் அக்காலத் தோற்றத்துடன் நிற்கின்றன. 1979 முதல் அது உலகப் பாரம்பரியச் சின்னம். ஊர் முழுவதையும் நடந்தே பார்த்துவிடலாம். எண்ணிட்ட மண்டலங்களாகப் பரந்து, வாகன நெரிசலில் திணறும் தலைநகரில் அது நடக்காது.

ஆயினும் பழமைதான் நோக்கம் என்றால் என் தேர்வு தலைநகரே. ஆன்டிகுவாவின் வயது ஐந்து நூற்றாண்டுகளைத் தொடவில்லை. தலைநகரின் 7ஆம் மண்டலத்திலுள்ள கமினல்ஹுயு என்ற இடமோ கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தழைத்த மாயா நகரம். அருகிலுள்ள எல் சாயல் மலையில் கிடைத்த, கூரிய கருவிகள் செய்ய உதவும் எரிமலைக் கண்ணாடியால் அது வணிகத்தில் செழித்தது. பிற்காலக் கட்டடங்கள் சிலவற்றில் தொலைதூர மெக்சிகோவின் பண்டைய நகரமான தியோதிவாகானின் பாணி தெரிகிறது. கல்லால் அன்றி மண்ணால் எழுப்பப்பட்டதால், திக்கால் என்னும் மாயா நகரில் உள்ளவை போன்ற கோபுரங்களை எதிர்பார்த்து வருவோருக்கு இங்கே புல் மூடிய மேடுகளே தென்படும். ஒருகாலத்தில் இருநூறுக்குமேல் இருந்த அம்மேடுகளில் பெரும்பாலானவை இன்று வீடுகளுக்கும் கடைகளுக்கும் அடியில் மறைந்துவிட்டன என்பது உண்மையிலேயே வேதனை தருகிறது.

ஆகவே முதலில் விமான நிலையத்துக்கு அருகே 13ஆம் மண்டலத்திலுள்ள தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குச் செல்வது நல்லது. பியத்ராஸ் நெக்ராஸ் என்னும் பண்டைய மாயா நகரத்தின் செதுக்கிய கல் அரியணையைக் கண்டபின் அந்த மண்மேடுகள் வேறு விதமாகத் தெரியும்.

நவீன கட்டடக் கலையில் ஆன்டிகுவா போட்டியிலேயே இல்லை. எஃப்ராயின் ரெசினோஸ் வடிவமைத்து 1978இல் திறக்கப்பட்ட தேசிய அரங்கம், பதுங்கியிருக்கும் ஜாகுவாரைப் போல ஒரு குன்றின்மேல் அமர்ந்திருக்கிறது. 2ஆம் மண்டலத்தில், 1905இல் திறக்கப்பட்ட பிரம்மாண்டமான நிலப்பட மாதிரியையும் தவறவிடக் கூடாது. உயரங்கள் ஐந்து மடங்கு மிகைப்படுத்தப்பட்டிருப்பதால், நாட்டின் எரிமலைகள் ஊசிபோல் எழுந்து நிற்கும்.

முதியவர்களோ குழந்தைகளோ உடன் வந்தால் ஆன்டிகுவாவே சுகம். மற்றவர்கள் காலையிலேயே கமினல்ஹுயுவை முடித்துக்கொண்டால், மாலை நெரிசலுக்கு முன் மற்ற இடங்களையும் பார்த்துவிடலாம்.