மார்க்ஸ் போனார்: ஹூக்கரா, பொல்லார்டா?

2023 ரக்பி உலகக் கோப்பையின் நடுவில் தென்னாப்பிரிக்க ஹூக்கர் (முன்வரிசையின் நடு ஆட்டக்காரர்) மால்கம் மார்க்ஸுக்கு முழங்காலில் காயம். அவர் இடத்துக்கு யார்?

ஒரு வழி, இன்னொரு ஹூக்கரை அழைப்பது. இரு அணிகளும் தோளோடு தோள் கோத்துத் தள்ளும் ஸ்க்ரம்மில் முன்வரிசையின் நடுவில் நிற்பவரும், பந்து பக்கக்கோட்டைத் தாண்டியதும் நடக்கும் லைன்அவுட்டில் அதை உள்ளே எறிபவரும் அவர்தான். பயிற்சி இல்லாதவரை அங்கே நிறுத்தினால் கழுத்துக்கே ஆபத்து. நானாக இருந்தால் இதைத்தான் செய்திருப்பேன்.

ரக்பி இயக்குநர் எராஸ்மஸும் தலைமைப் பயிற்சியாளர் நீனாபரும் வேறு வழியில் போனார்கள். கெண்டைக்கால் காயத்தால் முதல் பட்டியலில் இல்லாத ஹான்ட்ரே பொல்லார்டை அழைத்தார்கள். அவர் ஃப்ளை-ஹாஃப், அதாவது பின்வரிசையின் ஆட்டத்தை நடத்துபவர்; கோல் உதைப்பவரும்கூட. மாற்று ஹூக்கர் வேலை 37 வயதை நெருங்கிய டியான் ஃபூரியிடம் போனது. பல ஆண்டுகளாக அவர் பெரும்பாலும் ஃப்ளாங்கர், அதாவது ஸ்க்ரம்மின் ஓரத்தில் நிற்பவர்.

பொல்லார்ட் ஆடாத ஆட்டத்தில் அயர்லாந்திடம் 8-13 எனத் தோற்றபோது உதைகள் தவறின. அப்புறம்தான் அவர் அருமை புரிந்தது. இங்கிலாந்துக்கு எதிரான அரையிறுதியில் மழை. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்க, கிட்டத்தட்ட நடுக்கோட்டிலிருந்து அவர் உதைத்த பெனால்டி உள்ளே போனது: 16-15. இறுதியில் நியூசிலாந்தை வென்ற 12-11இல் அந்த 12 புள்ளிகளும் அவர் உதைத்தவை.

ஆனால் அதே இறுதியில் தொடக்க நிமிடங்களிலேயே முதல் ஹூக்கர் ம்போனாம்பி காயத்தோடு வெளியேற, மீதி ஆட்டம் முழுக்க ஃபூரிதான். லைன்அவுட் பல முறை தடுமாறியது. ஒரு புள்ளி இடம் மாறியிருந்தால் ஊரே தேர்வாளர்களைத் திட்டியிருக்கும். இருந்தும், நாக்அவுட் ஆட்டங்களுக்கு என் ஓட்டு பொல்லார்டுக்கே.