தேன்மெழுகு என்று நம்பி 480 வெள்ளி கொடுத்தேன்

போன மாதம் அப்பா அம்மாவுக்குத் திருமணப் பொன்விழா. பட்டர்வொர்த்தில் எங்கள் தாமானுக்குப் பக்கத்திலேயே ஒரு மண்டபம் எடுத்து எண்பது பேருக்குச் சாப்பாடு சொல்லியிருந்தோம். அதற்கு முன்னால் வீட்டில் ஒரு நன்றி செபம். சாப்பாட்டைத் தம்பி பார்த்துக்கொண்டான், பூ அலங்காரம் அத்தை மகள். மெழுகுதிரி என் பொறுப்பு. மெழுகுதிரியில் ஏமாற என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அப்பா வளர்ந்தது நிபோங் திபால் பக்கத்துத் தோட்டம். மாதத்துக்கு ஒரு தடவை சாமியார் வந்து பூசை வைக்கும்போது பீடத்தில் மஞ்சளாக ஒரு பெரிய திரி எரியுமாம், தேன் வாசம் லேசாக வருமாம். "இப்ப வர்ற திரியில அது இல்ல" என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொல்வார். பொன்விழாவுக்கு அந்தத் திரியையே கொண்டுவந்து ஏற்றிவிடலாம் என்று எனக்கு ஓர் ஆசை.

இணையத்தில் தேடியபோது கோலாலம்பூர் பக்கம் வீட்டிலிருந்தே செய்து விற்கிற ஒருவரின் பக்கம் கண்ணில் பட்டது. தமிழர். 'நூறு விழுக்காடு தேன்மெழுகு, கையால் செய்தது' என்று எழுதியிருந்தார்கள். படங்கள் அத்தனை அழகு. வாட்சப்பில் கேட்டேன். "அக்கா, நம்மகிட்ட கலப்படமே கிடையாது. பெரியவங்க விசேஷம்னா நான் ஸ்பெஷலா செஞ்சு தர்றேன்." இதில் உருகிவிட்டேன். 15 சென்டிமீட்டர் உயரம், 7 சென்டிமீட்டர் அகலத்தில் ஆறு பில்லர், அதாவது தடித்த உருளைத் திரி, ஒன்று 28 வெள்ளி. மேசைகளுக்கு வாசனை சேர்த்த சோயா மெழுகு ஊற்றிய கண்ணாடிக் குவளை பன்னிரண்டு, ஒன்று 19 வெள்ளி. நடைபாதையில் வைக்க, தகரக் கிண்ணத்தில் வரும் குட்டித் திரியான டீலைட் நூறு, மொத்தமாக 60 வெள்ளி. அனுப்பும் செலவு 24. மொத்தம் 480. ஒரு தனியாள் வங்கிக் கணக்குக்குப் பணம் போட்டேன். ரசீது கேட்கவில்லை. இதை எழுதும்போதே என் தலையில் நானே குட்டிக்கொள்கிறேன்.

பெட்டி விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. திறந்ததும் கூடமே மணத்தது, தேன் மிட்டாய்க் கடைக்குள் நுழைந்த மாதிரி. அப்பா எட்டிப் பார்த்து, "ரொம்ப வாசமா இருக்கேம்மா" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு வரியில் எல்லாமே இருந்தது, எனக்குத்தான் உறைக்கவில்லை. அசல் தேன்மெழுகு மூக்கைத் துளைக்காது. பக்கத்தில் போய் முகர்ந்தால் மெலிதாகத் தெரியும், அவ்வளவுதான். கொஞ்ச நாள் கிடந்தால் மேலே வெண்மையாகப் பூத்தது போல ஒரு படலமும் வரும். பலர் அதைப் பூஞ்சை என்று நினைத்துத் துடைக்கிறார்கள். என்னுடையது பளபளவென்று பிளாஸ்டிக் வாழைப்பழம் போல இருந்தது.

குவளைகளில் நான்கில் மெழுகு ஒரு பக்கமாகச் சாய்ந்து உறைந்திருந்தது. சோயா மெழுகு சுமார் 50 டிகிரியிலேயே இளகிவிடும், நம் ஊர் வெயிலில் மூடிய வேன் என்ன சூடு ஏறும் என்று சொல்லவேண்டியதில்லை. இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், அக்கறையில்லாமல் கட்டியது. ஆனால் சாய்ந்த மெழுகோடு நூல்திரியும் ஓரத்துக்கு நகர்ந்திருந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நூலை நடுவில் பிடித்து நிறுத்துகிற தகரப் பொட்டு அதன் அடியில் இல்லை, அப்படியே மெழுகில் செருகியிருக்கிறார்கள்.

விழா அன்று செபத்துக்கு இரண்டு பில்லர் ஏற்றினோம். பத்து நிமிடத்தில் ஒன்று கரும்புகை விட்டது. இன்னொன்று ஒரு பக்கமாக வழிந்து, அம்மா கல்யாணத்துக்குக் கொண்டுவந்த லேஸ் மேசைவிரிப்பில் இறங்கியது. நியாயமாகச் சொன்னால் இதில் பாதித் தப்பு என்னுடையது. மேலே காத்தாடி சுற்றிக்கொண்டிருந்தது. காற்றடித்தால் எந்தத் திரியும் புகையும், வழியும். நூலை அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக மட்டும் விட்டுக் கத்தரித்திருக்கவும் வேண்டும், அதையும் செய்யவில்லை.

மண்டபத்தில் நடந்ததற்கு மட்டும் நான் பொறுப்பேற்க மாட்டேன். டீலைட் நான்கு மணி நேரம் எரியும் என்று சொல்லியிருந்தார்கள். ஏழு மணிக்கு ஏற்றியது, கேக் வெட்டுவதற்குள், ஒன்பதுக்கு முன்னாலேயே, வரிசையாக அணைந்துவிட்டது. அப்பாவும் அம்மாவும் கைகோத்து நடந்து வந்தது இருட்டு நடைபாதையில். மறுநாள் மிஞ்சியிருந்த புது டீலைட் ஒன்றை அடுப்படித் தராசில் நிறுத்தேன், தகரக் கிண்ணத்தோடு 9 கிராம். நான்கு மணி நேரம் எரியவேண்டுமென்றால் மெழுகு மட்டுமே 12 கிராமாவது வேண்டும். கிண்ணத்தின் விளிம்பிலிருந்து மெழுகு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

அப்புறம்தான் சின்னம்மா மேசையில் 'டப்' என்று ஒரு சத்தம். ஓரத்துக்கு நகர்ந்த நூல் கண்ணாடியை ஒட்டியே எரிந்து, குவளை மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டுவிட்டது. அது மெழுகுதிரிக்கு உண்டான கனத்த கண்ணாடியே இல்லை, தண்ணீர் குடிக்கிற மெல்லிய கிளாஸ். மேசைத்துணியில் தீ பிடித்தது. மாமா பையன் பதறிப்போய்க் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் கவிழ்க்கப் போனான். நல்லவேளை தம்பி கையைப் பிடித்துக்கொண்டான். எரிகிற மெழுகில் தண்ணீர் பட்டால் கொதிக்கிற எண்ணெயில் விழுந்த மாதிரிதான், தெறித்து முகத்தில் அடிக்கும். தம்பி சாதத் தட்டின் மூடியைக் கவிழ்த்து அணைத்தான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சின்னம்மாவின் காஞ்சிபுரத்தில் மட்டும் ஒரு ஓட்டை. மீதிக் குவளைகளை உடனே அணைத்து எடுத்துவிட்டோம்.

மறுநாள் காலையில் ஒரு பில்லரை எடுத்துக் கத்தியால் குறுக்கே அறுத்தேன். வெளியே இரண்டு மில்லிமீட்டருக்கு மஞ்சள் தோல். உள்ளே சுத்த வெள்ளை, பெட்ரோலியத்திலிருந்து எடுக்கிற சாதாரண பாரஃபின் மெழுகு. பாரஃபினைச் சாய மெழுகில் ஒரு முக்கு முக்கி எடுத்திருக்கிறார்கள். அப்படி முக்கி எடுப்பது தொழிலில் எல்லாரும் செய்வதுதான், தப்பில்லை. அதைத் தேன்மெழுகு என்று சொல்லி விற்றதுதான் தப்பு.

மெழுகுதிரி செய்து பழக்கமுள்ள தோழி ஒருத்தியிடம் படத்தை அனுப்பினேன். சிரித்தாள். "அளவைப் பாரு. அந்த உருளைக்கு அரைக் கிலோவுக்கு மேல மெழுகு வேணும். 28 வெள்ளிக்கு யாரு அவ்வளவு தேன்மெழுகை உனக்குச் செஞ்சு, அதுல லாபமும் பார்ப்பா?" வாங்கும்போது இந்தக் கணக்கை நான் போடவே இல்லை. தக்காளி வாங்கும்போது பத்து சென்னுக்குக் கணக்குப் பார்க்கிறவள்.

விற்றவரிடம் படங்களை அனுப்பினேன். முதலில், "அக்கா, காத்தாடிக்கு அடியில வெச்சிருப்பீங்க." சரி, அது பாதி உண்மை. அறுத்த படத்தை அனுப்பியதும், "இயற்கை மெழுகு உள்ள அப்படித்தான் இருக்கும்க்கா." உடைந்த குவளைக்குப் பதிலே இல்லை. மூன்றாம் நாள் என் எண்ணைத் தடை செய்துவிட்டார்கள்.

பயனீட்டாளர் தீர்ப்பாயம் நம் நாட்டில் இருக்கிறது. 50,000 வெள்ளி வரை கோரலாம், மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், வாங்கி மூன்று ஆண்டுக்குள் போடவேண்டும். ஆனால் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் மனுவில் எழுதவேண்டுமே. என்னிடம் இருப்பது ஒரு கைப்பேசி எண்ணும் வங்கிக் கணக்கில் வந்த பெயரும். பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் அனுப்புநர் முகவரி என்று இருந்தது கூரியர் கடையின் முகவரி. இணையத்தில் விற்பவர் தன் பெயர், தொழில் பதிவு எண், தொடர்பு விவரம் எல்லாம் போடவேண்டும் என்று விதிமுறைகளிலேயே இருக்கிறது. அந்தப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. நான் பார்த்தது படத்தை. அடுத்த வாரம் தீவுக்குப் போகும்போது பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் எல்லாத் தாளையும் காட்டப்போகிறேன்.

பாரஃபின் என்றாலே கெடுதல் என்று சிலர் இந்தப் பதிவைப் பிடித்துக்கொண்டு வருவார்கள், வேண்டாம். ஜூலை 26 புனித அன்னாள் திருவிழாவுக்கு புக்கிட் மெர்தாஜாம் போகும்போது நாம் பிடிக்கிற மெல்லிய வெள்ளைத் திரியை யாரும் தேன்மெழுகு என்று சொல்லி விற்பதில்லை, அது தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. கரண்டு போனால் வீட்டுக்கு அதுவே போதும். வாசனைத் திரி வேண்டுமென்றால் கனத்த கண்ணாடியில், நூல் நடுவில் இருப்பதாகப் பார்த்து வாங்கிக் கூடத்தில் வையுங்கள். முதல் தடவை ஏற்றும்போது மேல் மெழுகு விளிம்பு வரை உருகும்வரை எரியவிடவேண்டும், இல்லாவிட்டால் நடுவில் குழி விழுந்து நூல் மூழ்கிவிடும். சாப்பாட்டு மேசையில் மட்டும் வாசனைத் திரி வேண்டவே வேண்டாம். அன்றைக்கு எங்கள் ஆட்டிறைச்சிப் பிரட்டல் லாவெண்டர் வாசத்தில் இருந்தது என்று பெரியப்பா இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

இதே மாதிரி அசல் தேன்மெழுகு என்று யாரிடமாவது வாங்கி, உள்ளே வெள்ளையாக இருந்திருந்தால் எனக்கு எழுதுங்கள். நாலைந்து பேர் சேர்ந்தால் ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம்.

அறுத்த பில்லரை அம்மா தூக்கிப் போடவில்லை. சிக்கிக்கொள்கிற அலமாரி இழுப்பறைகளில் தேய்த்திருக்கிறார். எல்லாம் இப்போது வழுக்கிக்கொண்டு வருகிறது. "28 வெள்ளிக்கு நல்ல சாமான்" என்கிறார் அப்பா.